ஓடைல தண்ணி ஏறுறத கண்காணிக்க எது வாங்கலாம்: பெயிண்ட் ஸ்கேலா, சென்சாரா, கேமராவா?

அக்டோபர் நெருங்குனாலே வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் வீராங்கால் ஓடைய ஒட்டி இருக்கற தெருக்கள்ல நலச்சங்க மீட்டிங்னா ஒரே பேச்சுதான், இந்த தடவ தண்ணி வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே நமக்கு தெரியணும், அதுக்கு என்ன செய்யலாம்னு. எங்க சங்கத்துலயும் அதேதான். ஐடில வேல பாக்கற ஒரு தம்பி சென்சார் மாட்டி போன்ல அலாரம் அடிக்க வெக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் கேமரா ஒண்ணு போட்டா எல்லாரும் வீட்லேந்தே பாக்கலாமேங்கறார், ஒரு அக்கா எதுக்கு வீண் செலவு, கவர்மெண்ட் ஆப்லயே எல்லாம் வருதேங்கறாங்க, ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் பாலத்து சுவத்துல அடிக்கணக்கு போட்டு கோடு கிழிச்சா போதும்ங்கறார். நாலு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா சங்கத்து கைல இருக்கற காசு நாலுக்கும் பத்தாது. அதனால ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சு பாத்து எனக்கு தோணுனத இங்க எழுதறேன். என் ஓட்டு முதல்ல அந்த கோட்டுக்குதான், அதாவது பெயிண்ட் ஸ்கேலுக்கு, அதுவும் ரெண்டு எடத்துல, சென்சார் அதுக்கு அப்பறம்தான், ஏன்னு கீழ விளக்கறேன், ஒத்துக்காதவங்க சண்டை போடலாம்.

முதல்ல நம்ம ஓடை எப்பிடி வேல செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும், இது புரியாம எத வாங்குனாலும் வேஸ்ட்டு. ஆதம்பாக்கம் ஏரி நிரம்பி வழியற தண்ணியும் சுத்துபட்டு தெருக்கள்ல இருந்து மழைநீர் வடிகால்ல வர்ற தண்ணியும் வீராங்கால் ஓடைல சேந்து வேளச்சேரி வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போகுது. அங்கேந்து நேரா கடலுக்கு போகாது. ஒக்கியம் மடுவு வழியா தெற்கு பக்கிங்ஹாம் கால்வாய்க்கு போயி, அதுல தெக்கால ஓடி கோவளம் முட்டுக்காடு முகத்துவாரத்துல கடல்ல சேரணும். எவ்ளோ சுத்து பாருங்க. பள்ளிக்கரணைக்கு சுத்தி இருக்கற ஏரிங்க எல்லாத்தோட உபரி தண்ணியும் வருது, ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த கழுவெளி அது, இப்ப அதுல சின்ன பங்குதான் மிச்சம், 2022-ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநில அந்தஸ்து கெடச்சதே 1,247 ஹெக்டேருக்குதான். ஏற்கனவே நிரம்பி நிக்கற டிரம்முக்குள்ள பைப்ப விட்ட மாதிரி, சதுப்பு நிலம் ரொம்பிடுச்சுன்னா ஓடைல வர்ற தண்ணிக்கு போக வழியில்ல, பின்னாடி ஏறி நம்ம தெருவுக்குதான் வரும். போதாக்குறைக்கு கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறி எறங்கும், சென்னை கரைல அது ஏறக்கொறைய ஒரு மீட்டர் வரைக்கும் போகும், புயல் நேரத்துல அதுக்கும் மேல, அப்ப முகத்துவாரத்துல தண்ணி வடியறதே மெதுவாயிடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் போனப்பறமும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கா தண்ணி நின்னுதே, மழை நின்னாலும் வடியாததுக்கு இந்த வழிதான் பெரிய காரணம்.

இதுலேந்து ஒரு முக்கியமான விஷயம். நம்ம ஆளுங்க மழைன்னாலே டிவில செம்பரம்பாக்கம் ஏரி எத்தன அடின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. 2015-ஓட பயம் அது, அந்த டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கத்துல வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தெறந்து விட்டாங்க, அடையாறு ரெண்டு பக்கமும் ஏறுச்சு, யாராலயும் மறக்க முடியாது. ஆனா செம்பரம்பாக்கத்து தண்ணி போறது அடையாத்துல. வீராங்கால் ஓடை அடையாத்துல சேராது. அதனால சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டைல இருக்கறவங்களுக்கு அந்த ஏரி ரொம்பற 24 அடி கணக்கு உயிர் போற விஷயம், நமக்கு அது நிரம்புனாலும் நிரம்பாட்டாலும் ஓடைல என்ன ஆகுதுங்கறது வேற கதை. இத மீட்டிங்ல சொன்னப்ப நெறைய பேருக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

சரி, கவர்மெண்ட் ஆப் மட்டும் போதுமாங்கற கேள்விக்கு வர்றேன். செலவு சுத்தமா இல்ல, அத யாரும் வேணாம்னு சொல்லல. டிஎன்-அலர்ட் ஆப் தமிழ்லயே இருக்கு, வானிலை மையத்தோட மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் எல்லாம் வருது, மாநகராட்சி 1913-க்கு போன் பண்ணலாம், மாநில கட்டுப்பாட்டு அறை 1070. பள்ளிக்கரணைலயே இருக்கற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 2019-ல சி-ஃப்ளோஸ்னு சென்னைக்குன்னே ஒரு வெள்ள எச்சரிக்கை முறைய கொண்டு வந்துச்சு, எந்த ஏரியாவுல எவ்ளோ தண்ணி நிக்கலாம்னு முன்கூட்டியே கணிக்கறதுக்கு. இதெல்லாம் ரெண்டு நாள் முன்னாடி மளிகை சாமான், மருந்து வாங்கி வெக்கறதுக்கும் ஊருக்கு போறவங்க டிக்கெட்ட மாத்திக்கறதுக்கும் ரொம்ப உதவி. ஆனா இன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நம்ம தெருமுனை சிறுபாலத்துல தண்ணி இன்னும் எவ்ளோ ஏறணும், எத்தன மணி நேரம் இருக்குங்கறத எந்த ஆப்பும் சொல்லாது, சொல்லவும் முடியாது. ரெட் அலர்ட்டுங்கறது 24 மணி நேரத்துல 20 செ.மீ.க்கு மேல பெய்யலாம்னு மாவட்டத்துக்கே பொதுவா சொல்றது. சென்னைல மழை தெருவுக்கு தெரு மாறும், நுங்கம்பாக்கத்துல ஒரு அளவு, மீனம்பாக்கத்துல ஒரு அளவு, நடுவுல நம்ம எடத்துல மூணாவதா ஒரு அளவு. 2021 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கா, காலைல யாரும் அவ்ளோ மழைய எதிர்பாக்கல, மத்தியானத்துக்கு மேல சில மணி நேரத்துல கொட்டுன கொட்டுல ஆபீஸ் போனவங்க நடுராத்திரி வரைக்கும் ரோட்லயே மாட்டிக்கிட்டாங்க. அந்த மாதிரி நாள்ல கணிப்ப நம்பி உக்காந்திருக்க முடியாது, ஓடைய பாத்துதான் தெரிஞ்சுக்கணும். ஆக ஆப் அவசியம், ஆனா அது மட்டும் பத்தாது.

இப்ப எந்த கருவியா இருந்தாலும் நமக்கு அது மூணு கேள்விக்கு பதில் சொல்லணும். கரைய தாண்ட இன்னும் எவ்ளோ பாக்கி, எவ்ளோ வேகமா ஏறுது, கீழ சதுப்பு நிலம் பக்கம் தண்ணி வாங்குதா வாங்கலையா. இந்த மூணும் தெரிஞ்சா கார கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்துல நிறுத்தறதா வேணாமா, கிரவுண்ட் ஃப்ளோர் பாட்டி தாத்தாவ மேல ஏத்தணுமா, இன்வெர்ட்டர் பேட்டரிய தூக்கி மேஜை மேல வெக்கணுமா, சம்ப் மூடிய சீல் பண்ணணுமா, எல்லாம் பதட்டமில்லாம முடிவு பண்ணலாம். 60 செ.மீ. பாக்கி இருக்கு, அரை மணிக்கு 10 செ.மீ. ஏறுதுன்னா மூணு மணி நேரம் கைல இருக்கு, அவ்ளோதான் கணக்கு, எட்டாங்கிளாஸ் புள்ள போட்டுடும். ஆனா வேகம் தெரியணும்னா ஒரு தடவ பாத்தா போதாது, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவ தொடர்ந்து பாக்கணும், அதான் கஷ்டமே.

பெயிண்ட் ஸ்கேலுக்கு நான் ஏன் முதல் ஓட்டு போடறேன்னா, மேல சொன்ன முதல் ரெண்டு கேள்விக்கு அது கரெக்டா பதில் சொல்லும், கரண்ட் வேணாம், சிம் வேணாம், பேட்டரி வேணாம், பொய் சொல்லாது. மத்திய நீர்வள ஆணையமே பெரிய ஆறுகள்ல வெள்ள காலத்துல மணிக்கொரு தடவ ஆள வெச்சு ஸ்கேல் பாத்து எழுத வெக்கறாங்க, தானியங்கி கருவி எல்லாம் வந்தப்பறமும் அத விடல. எனாமல் பெயிண்ட்ல மஞ்சள் பின்னணி, கருப்பு கட்டம், 5 செ.மீ.க்கு ஒரு கட்டம், 50 செ.மீ.க்கு ஒரு பெரிய நம்பர், அந்த நம்பர லாரி பின்னாடி ஒட்டற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்ல வெட்டி ஒட்டிட்டா ராத்திரி டார்ச் அடிச்சா தூரத்துலேந்தே பளிச்சுன்னு தெரியும். பெயிண்டர் கூலியோட சேத்து ஒரு ஸ்கேலுக்கு சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுரும். 1 செ.மீ. கணக்கு வேணும்னு ஒரு சிலர் கேக்கறாங்க, தேவையே இல்ல, ஓடைல அலை அடிக்கும்போது 1 செ.மீ.ய யாரும் படிக்க முடியாது.

ஆனா இதுல ரெண்டு விஷயத்த சரியா செய்யலன்னா ஸ்கேல் வெறும் அலங்காரம். ஒண்ணு, ஸ்கேல்ல இருக்கற நம்பருக்கும் நம்ம தெருவுக்கும் சம்பந்தம் இருக்கணும். ஓடை 1.8 மீட்டர்னு சொன்னா அதுல எனக்கு என்ன தெரியும், என் வீட்டு வாசப்படி எந்த மட்டத்துல இருக்குன்னு தெரியணும்ல. இதுக்கு சர்வேயர கூப்புடாமலே கொத்தனாருங்க வெச்சிருக்கற ட்யூப் லெவல் போதும், கண்ணாடி மாதிரி ட்யூப்ல தண்ணி ஊத்தி ஒரு முனைய பாலத்துலயும் இன்னொரு முனைய தெருவுலயும் புடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மட்டம் காட்டும், பத்து பதினஞ்சு மீட்டரா நகந்து நகந்து தெருவுலயே பள்ளமான எடம் வரைக்கும் கொண்டு போயிரலாம். தெருவோட மிகப் பள்ளமான மேன்ஹோல் மூடி எந்த மட்டமோ அத ஸ்கேல்ல செவப்பு கோடா போடணும். அதுக்கு 60 செ.மீ. கீழ ஒரு ஆரஞ்சு கோடு. அதுக்கப்பறம் நம்பர் படிக்க தெரியாத சின்ன புள்ள கூட ஆரஞ்ச தாண்டிருச்சுன்னு சொல்லிடும். ஒவ்வொரு வீட்டு வாசப்படியும் செவப்பு கோட்டுலேந்து எத்தன செ.மீ. மேலன்னு ஒரு லிஸ்ட் போட்டு சங்கத்து போர்டுல ஒட்டிட்டா இன்னும் உத்தமம், எந்த வீட்டுக்கு முதல்ல தண்ணி வரும்னு அதுலயே தெரிஞ்சுரும், அந்த வீட்லதான் முதல்ல போய் கதவ தட்டணும்.

ரெண்டாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு கொட்டற மழைல யாரு போய் பாக்கறது. நான் கண்டிப்பா சொல்றேன், யாரையும் ராத்திரில ஓடைக்கரைக்கு அனுப்பக்கூடாது. தண்ணி ரோட்டுக்கு ஏறிடுச்சுன்னா ஓடை எங்க முடியுது ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, அறுந்து கெடக்கற வயர் வேற. அதனால ஸ்கேல எங்க போடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எந்த வீட்டு மொட்டைமாடில இல்ல ஜன்னல்ல இருந்து டார்ச் அடிச்சா அது தெரியும்னு பாக்கணும். பாலத்துல நல்ல சுவர் இருக்குன்னு அங்க போட்டுட்டு அப்பறம் யாருக்கும் தெரியலன்னா ப்ரயோஜனமில்ல. ஓடைய பாத்த மாதிரி இருக்கற ரெண்டு மூணு வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே பேசி முறை போட்டு, நீங்க பத்துலேந்து ரெண்டு, அவங்க ரெண்டுலேந்து ஆறுன்னு, ஜன்னல்லேந்தே பாத்து குரூப்ல நம்பர் போட சொல்லணும். ஒரு பவர்ஃபுல் டார்ச்சும் சின்ன பைனாகுலரும் சங்கத்து செலவுல வாங்கி குடுத்துடலாம். சென்சார் விலைய பாத்தா இது ஒண்ணுமே இல்ல.

சென்சார் கட்சிக்கு வர்றேன். அந்த தம்பி சொல்றது அல்ட்ராசோனிக் சென்சார், கார் ரிவர்ஸ் சென்சார் மாதிரி சத்தத்த அனுப்பி அது தண்ணில பட்டு திரும்பி வர்ற நேரத்த வெச்சு தூரம் கணக்கு போடும். சென்சார் சில நூறு ரூபா, அத இயக்கற ஈஎஸ்பி32ங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு சில நூறு ரூபா, தண்ணி புகாத டப்பா, சின்ன சோலார் பேனல், பேட்டரி, சிம் மாடம் எல்லாம் சேத்து அஞ்சாறாயிரத்துல செய்யலாம்ங்கறார், அது நெஜம்தான். தூங்காது, அலுத்துக்காது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அளக்கும், வேகம் தானா கெடைக்கும், ஆரஞ்ச தொட்டதும் எல்லார் போனையும் அடிக்க வெக்கலாம், இதெல்லாம் ஆளால முடியாது. எனக்கு இதுல உண்மையாவே ஆசை இருக்கு.

ஆனா நம்ம ஓடைல இது படற பாட்ட யோசிக்கணும். காத்துல சத்தத்தோட வேகம் டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் மாறும். பகல் 37 டிகிரி, ராத்திரி 25 டிகிரின்னா 3 மீட்டர் தூரத்துக்கு 6 செ.மீ. வித்தியாசம் வந்துரும், தண்ணி அசையாமலே ஏறி எறங்கற மாதிரி கிராஃப் காட்டும், இதுக்கு வெப்பநிலை சென்சார் சேத்து திருத்தணும், அதுவும் வெயில்ல காயற டப்பாக்குள்ள வெச்சா டப்பா சூட்டத்தான் காட்டும், நிழல்ல காத்துல தொங்கணும். மலிவான சென்சாருங்களுக்கு முன்னாடி 20 செ.மீ. வரைக்கும் கண்ணு தெரியாது, அதனால வெள்ளம் வரக்கூடிய உச்சத்துக்கும் மேல தூக்கி மாட்டணும், பாலத்து அடியில மாட்டுனா தண்ணி பாலத்த தொடற அந்த முக்கியமான நேரத்துல முழுகிடும். அடுத்தது நுரை. ஓடைல கழிவுநீர் கலக்கறது எல்லாருக்கும் தெரியும், மழை வேகத்துல வெள்ள நுரை மலையா வரும், நுரை சத்தத்த உறிஞ்சிடும், ரீடிங்கே வராது இல்லன்னா தப்பா வரும். ஆகாயத்தாமரை பந்தல் மாதிரி வந்து பாலத்துல அடைச்சா அதோட மேல்மட்டத்த தண்ணின்னு காட்டும். கூடவே அந்த அழுகின முட்ட நாத்தம் இருக்கே, ஹைட்ரஜன் சல்பைடு, அது செம்பு ஒயர், சோல்டர் எல்லாத்தையும் கருக்கி அரிச்சுடும், வீட்டு மாடில வருஷக்கணக்குல ஓடற சர்க்யூட்டு இங்க ஒரு சீசன்ல போயிரும், போர்டுக்கு கோட்டிங் அடிச்சு டப்பாவ நல்லா சீல் பண்ணலன்னா. குளவி கூடு கட்டறது, எட்டுக்கால் பூச்சி வலை பின்னறது தனி. செய்யவே முடியாதுன்னு நான் சொல்லல, மாசா மாசம் ஒருத்தர் ஏறி தொடச்சு, ஸ்கேலோட ஒத்து பாத்து, தப்பு இருந்தா திருத்தணும். சென்சார் காட்டறது சரியான்னு பாக்கவே பக்கத்துல ஒரு ஸ்கேல் வேணும்ங்கறத கவனிங்க.

தண்ணிக்குள்ள போடற பிரஷர் சென்சார்னு ஒண்ணு இருக்கு, போர்வெல்லுக்கும் ஓவர்ஹெட் டேங்க்குக்கும் போடறாங்க. மேல எவ்ளோ தண்ணி நிக்குதோ அந்த அழுத்தத்த அளக்கும், நுரை, ஆகாயத்தாமரை எதுவும் பெருசா பாதிக்காது, அது நல்லது. ஆனா விலை ஜாஸ்தி, ஓடைல சேறு ஏறி முகத்த மூடிடும், தூர்வார வர்ற ஜேசிபி ஒயரோட அள்ளிக்கிட்டு போயிரும். இதுல எல்லாரும் மறந்துடற விஷயம் ஒண்ணு இருக்கு, சென்சார் மேல தண்ணி மட்டும் அழுத்தல, காத்தும் அழுத்துது. காத்தழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறுனா அது 10 செ.மீ. தண்ணிக்கு சமம். புயல் கிட்ட வரும்போது காத்தழுத்தம் அதவிட கூட எறங்கும், அப்ப வெளிக்காத்தோட அழுத்தத்த சென்சாருக்கு கொண்டு போற குழாய் ஒயருக்குள்ள இல்லாத மலிவான சென்சார் தண்ணிய 10, 15 செ.மீ. கொறச்சு காட்டும், நமக்கு ரொம்ப தேவப்படற அதே ராத்திரில. காத்து குழாய் வெச்ச மாடல் இருக்கு, ஆனா அதுக்குள்ள ஈரம் போகாம சிலிக்கா ஜெல் மாத்திக்கிட்டே இருக்கணும். எங்க சங்கத்துக்கு இது வேணாம்னு தயங்காம சொல்லிட்டேன்.

சத்தத்துக்கு பதிலா ரேடியோ அலைய அனுப்பி தூரம் அளக்கற ரேடார் சென்சார்தான் இருக்கறதுலயே சிறந்தது, வெப்பநிலை மாறுனா கவலையில்ல, பாலத்து மேல உயரமா மாட்டிரலாம், தண்ணிய தொடவே வேணாம், அதனாலதான் ஆத்துப் பாலங்கள்ல அதிகாரிங்க அத வெக்கறாங்க. ஆனா நல்ல ரேடார் செட்டு, ரீடிங்க பதிவு பண்ற டேட்டா லாகர், கம்பம், கட்டுமானத்தோட ஒரு தெரு சங்கத்து பட்ஜெட்ட எங்கயோ தாண்டிப் போயிரும். இது மாநகராட்சி, நீர்வளத்துறைகிட்ட மனு குடுத்து கேக்க வேண்டிய பொருள், நம்ம காசுல வாங்கறதுக்கு இல்ல. அக்கம்பக்கத்து சங்கங்க எல்லாம் ஒண்ணா கையெழுத்து போட்டு கேட்டா கெடைக்க வாய்ப்பு இருக்கு, கேப்போம்.

கேமராவுக்கு என்ன வாதம்னா, ஒரு படம் எல்லாத்தையும் சொல்லிடும், தண்ணி மட்டம், பாலத்துல குப்பை அடைச்சிருக்கா, ஆகாயத்தாமரை வந்துருக்கா, ஆளுங்க யாராவது பக்கத்துல போறாங்களா எல்லாம். அடைப்பு விஷயத்துல கேமராவ மிஞ்ச எந்த சென்சாராலயும் முடியாது, ஏன்னா பல நேரம் தண்ணி ஏற காரணம் மழைய விட சிறுபாலத்து வாய அடைச்ச தெர்மாகோல், பிளாஸ்டிக், மெத்தைதான், அத போட்டோவோட 1913-ல சொன்னா வேல சீக்கிரம் நடக்கும். ஆனா ராத்திரில கேமராவோட ஐஆர் (அகச்சிவப்பு) லைட்டு மழைத்துளில பட்டு வெள்ள வெள்ளையா கோடுதான் தெரியும், லென்ஸ் கிட்ட பூச்சி வலை கட்டும். சிம் டேட்டா செலவு மாசா மாசம் வரும். எல்லாத்துக்கும் மேல, ஓடைக்கரைல குடியிருக்கறவங்க வாசல்ல, துணி தொவைக்கற எடத்துல நாள் பூரா கேமரா பாத்துக்கிட்டு இருக்கறது சரியில்ல, அவங்ககிட்ட கேக்காம நாம முடிவு பண்ணக்கூடாது. வெக்கறதா இருந்தா ஸ்கேல மட்டும் பாக்கற மாதிரி ஒரு தனி வீட்டு சுவத்துல கீழ் நோக்கி வெக்கணும், இன்வெர்ட்டர் இருக்கற வீடா இருக்கணும்.

சென்சார், கேமரா ரெண்டுக்கும் பொதுவா ஒரு பெரிய ஓட்டை. தெருவுல தண்ணி ஏறுனா ஷாக் அடிக்காம இருக்க கரண்ட மின்வாரியமே நிறுத்திடுவாங்க, அது சரியான முடிவுதான். கரண்ட் போனா வீட்டு வைஃபை போகும், கொஞ்ச நேரத்துல டவர் பேட்டரியும் தீந்துரும், 2015-லயும் 2023-லயும் போன் சிக்னலே இல்லாம எத்தன பேரு சொந்தக்காரங்களுக்கு தகவல் சொல்ல முடியாம தவிச்சாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அப்ப சென்சார் அளந்துக்கிட்டே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இதுக்கு லோரா ரேடியோ ஒரு வழி, லைசென்ஸ் வேணாத 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைல சில கிலோமீட்டர் வரைக்கும் சின்ன தகவல அனுப்பும், டவரே வேணாம், சென்சார்லேந்து தெருவுல ஒரு மாடி வீட்டுக்கு வந்து அங்க ஒரு சைரன அடிக்க வெக்கலாம். அந்த தம்பிகிட்ட இத சொன்னேன், சிம்ம விட்டுட்டு லோராவுல செஞ்சா நான் முழுசா ஆதரிக்கறேன்னு. சோலார் பத்தி ஒண்ணு, நவம்பர் டிசம்பர்ல நாலஞ்சு நாள் சூரியனே தெரியாது, அதனால பேனல நம்பாம ஒரு வாரம் தாங்கற பேட்டரிய கணக்கு பண்ணித்தான் வாங்கணும்.

இன்னும் பதில் வராத மூணாவது கேள்வி, கீழ தண்ணி வாங்குதா. இதுக்குதான் ரெண்டு எடம்னு சொன்னேன். மேல ஆதம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்கேல், கீழ ஓடை சதுப்பு நிலத்துல சேர்ற பக்கம் ஒண்ணு. மேல ஏறி கீழ ஏறலன்னா மழைத்தண்ணி வருது, ஆனா போய்க்கிட்டும் இருக்கு, பயம் கம்மி. கீழ இருக்கறது மேல இருக்கறதுக்கு கிட்டத்தட்ட சமமா வந்துருச்சுன்னா தண்ணி ஓடவே இல்ல, நின்னுடுச்சு, இனி பெய்யற ஒவ்வொரு மழையும் தெருவுலதான் தங்கும், அப்ப பாக்கி 60 செ.மீ. இருக்கேன்னு தைரியமா இருக்கக்கூடாது, உடனே கார எடுக்கணும். இந்த ஒப்பீடு வேல செய்யணும்னா ரெண்டு ஸ்கேலும் ஒரே மட்டத்துலேந்து எண்ணணும், ட்யூப் லெவல் அவ்ளோ தூரத்துக்கு ஆகாது, இதுக்கு மட்டும் ஆட்டோ லெவல்ங்கற மட்டம் பாக்கற கருவி வெச்சிருக்கற சர்வேயர ஒரு நாள் கூப்புட்டு கடல் மட்டத்துலேந்து எவ்ளோன்னு கணக்கு எடுத்துக்கணும். இந்த செலவ மிச்சம் புடிக்க வேணாம், மொத்த திட்டத்துலயே ரொம்ப உருப்படியா செலவாகற காசு இதுதான். கீழ் ஸ்கேல பாக்க நம்ம தெருக்காரங்க அவ்ளோ தூரம் போக முடியாது, அந்த பக்கத்து குடியிருப்பு சங்கத்தோட கை கோக்கணும், அவங்களுக்கு மேல என்ன வருதுன்னு தெரியணும், நமக்கு கீழ என்ன நிக்குதுன்னு தெரியணும், ரெண்டு பேருக்கும் லாபம்.

மழைமானி ஒண்ணும் வெச்சுக்கலாம், செலவே இல்ல, வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கற ஒரு கண்ணாடி ஜாடிய மொட்டைமாடில தெறந்த எடத்துல வெச்சு ஸ்கேல்ல அளந்தா போதும். 10 செ.மீ. மழைன்னா ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 கோடி லிட்டர் தண்ணி, அத நெனச்சு பாத்தா ஓடை ஏன் அப்பிடி ஏறுதுன்னு புரியும். ரெண்டு சீசன் மழையையும் ஓடை மட்டத்தையும் சேத்து எழுதி வெச்சா, ஒரு மணில 4 செ.மீ. பெஞ்சா எவ்ளோ நேரம் கழிச்சு ஸ்கேல் எவ்ளோ ஏறுதுன்னு நம்ம ஓடைக்குன்னே ஒரு கணக்கு கெடைக்கும், அத வேற எங்கயும் காசு குடுத்து வாங்க முடியாது.

அதனால மீட்டிங்ல நான் வெக்கப்போற வரிசை இது. செப்டம்பர்க்குள்ள ரெண்டு ஸ்கேல், சர்வேயர் ஒரு நாள், வாசப்படி லிஸ்ட், ராத்திரி முறை, டார்ச்சு. இந்த சீசன் அதோட ஓடட்டும். அதுல காசு மிஞ்சுனா மேல் ஸ்கேல் பக்கத்துல அந்த தம்பியோட அல்ட்ராசோனிக், லோரா, மாடில சைரன், ஆனா ஒரு நிபந்தனை, மாசா மாசம் பாத்துக்க ரெண்டு பேரு பேரு குடுக்கணும், அவர் ஒருத்தர நம்பி வெச்சா அவருக்கு பெங்களூரு ட்ரான்ஸ்ஃபர் ஆனா அன்னிக்கோட சென்சாரும் செத்துரும். ஓடைய பாத்த மாதிரி வீடே இல்லாத தெருவா இருந்தா மட்டும் இந்த வரிசைய மாத்தலாம், அங்க சென்சார்தான் முதல்ல, கூடவே ஸ்கேல். கேமரா அடைப்பு ஜாஸ்தி வர்ற சிறுபாலத்துக்கு மட்டும், கரைல இருக்கறவங்க சம்மதிச்சா. பிரஷர் வேணாம். ரேடாருக்கு மனு.

பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஓடையும் பாலமும் யார் பொறுப்புல இருக்கோ அவங்ககிட்ட, நீர்வளத்துறையா மாநகராட்சியான்னு வார்டு ஆபீஸ்ல கேட்டு, எழுத்துல அனுமதி வாங்கிடணும், இல்லன்னா அடுத்த தடவ சுவத்துக்கு வெள்ளையடிக்க வர்றவங்க நம்ம செவப்பு கோட்டையும் சேத்து அடிச்சுட்டு போயிருவாங்க. கடிதம் எழுத நான் ரெடி, ட்யூப் லெவல் புடிக்க ரெண்டு பேரும் ஒரு கொத்தனாரும் வேணும், ஞாயித்துக்கிழமை காலைல வர முடிஞ்சவங்க குரூப்ல பேரு போடுங்க.